பாட்டி தொடாத மைக்ரோவேவ்

கடந்த ஆண்டு ஒரு புதன்கிழமை. பிற்பகல் விரிவுரை ரத்தானதால் ஒரு மணிக்கே வீடு திரும்பிவிட்டேன். வழக்கமாக மாலை ஆறு மணிக்கு முன்பு நான் வருவதில்லை. கதவைத் திறந்தபோது பாட்டி சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த முந்தின நாள் சோறு. அதில் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி வடித்திருக்கிறார். பக்கத்தில் சில்லென்று கோழிக்குழம்பு. கொழுப்பு மேலே வெள்ளையாகத் திரண்டு நின்றது.

“ஏன் பாட்டி, சூடு பண்ணிச் சாப்பிடலையா?”

“இந்த வெயிலுக்கு இதுதான் கண்ணு நல்லது. உடம்புக்குக் குளிர்ச்சி.”

கோழிக்குழம்பு எப்போதிலிருந்து குளிர்ச்சியானது என்று எனக்குத் தெரியவில்லை. இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா மருத்துவமனையில் தாதி, அப்பா பேருந்து ஓட்டுநர். இருவருக்கும் வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பகல் முழுவதும் வீட்டில் பாட்டி மட்டும்தான். பேசப் பேச உண்மை வெளிவந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு நான் தேர்ந்தெடுத்து வாங்கிய புதிய நுண்ணலை அடுப்பை, அதாவது எங்கள் வீட்டு மைக்ரோவேவை, பாட்டி ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

நம் வயதினர் பலருக்கு வீட்டில் ஓர் அறிவிக்கப்படாத பதவி உண்டு: தொழில்நுட்ப அமைச்சர். கைப்பேசி, வைஃபை பெட்டி, தொலைக்காட்சி எதுவானாலும் “நீயே பார்த்து வாங்கு” என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவார்கள். பதவி சுகமானது. ஆனால் நாம் பெரும்பாலும் நமக்குப் பிடித்ததையே தேர்ந்தெடுக்கிறோம், பயன்படுத்தப்போகிறவருக்கு ஏற்றதை அல்ல. நான் அதைத்தான் செய்தேன்.

பழைய அடுப்பில் இரண்டு திருகு குமிழ்கள் மட்டுமே இருந்தன. ஒன்று எவ்வளவு சூடு, மற்றொன்று எத்தனை நிமிடம். பத்து ஆண்டுகளுக்கு மேல் பாட்டி அதை ஒரு சிக்கலும் இல்லாமல் ஓட்டினார். அது பழுதானதும், இணையத் தள்ளுபடி விற்பனை ஒன்றில் இரண்டு இரவுகள் கண்விழித்து ஒப்பிட்டுப் பார்த்து, கறுப்புக் கண்ணாடி முகப்பு, தொடுவிசை, கிரில், பல வகைத் தானியங்கிச் சமையல் என எல்லாம் கொண்ட ஒன்றைப் பிடித்தேன். மேடையில் சோற்றுப் பானையும் ஏர் ஃபிரையரும் இடத்தை அடைத்திருந்ததால் குளிர்பதனப் பெட்டியின் உச்சியில் ஏற்றி வைத்தேன். எனக்குக் கழுத்து உயரம். பாட்டிக்குத் தலைக்கு மேல்.

வீட்டில் அதிக நேரம் மைக்ரோவேவைப் பயன்படுத்துபவர் யார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஆங்கில எழுத்துகள் பொடிப்பொடியாக, கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட கண்ணுக்கு எட்டாத சாம்பல் நிறத்தில் இருந்தன. விரலுக்குப் பிடிகொடுக்கும் மேடு பள்ளம் எதுவும் இல்லை. கொதிக்கும் குழம்புக் கிண்ணத்தை 76 வயதில் தலைக்கு மேலிருந்து இறக்கச் சொல்வது, முகத்தில் கொட்டிக்கொள்ளச் சொல்வதற்குச் சமம். பாட்டி அதைச் செய்யாதது பயத்தால் அல்ல, புத்தியால்.

ஆனால் ஒரு பயமும் இருந்தது. தோழி ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு: மைக்ரோவேவ் சாப்பாட்டில் கதிர்வீச்சு தங்கிவிடும், புற்றுநோய் வரும். பழைய அடுப்பு இருந்தபோதே பாட்டி என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். “அதெல்லாம் சும்மா பாட்டி” என்று கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது.

அது பதிலே அல்ல. சாதாரண நிலைத் தேர்வுக்காக மின்காந்த அலைவரிசையை முன்னும் பின்னுமாக மனப்பாடம் செய்தவன் நான். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படிக்கிறேன். நுண்ணலை, அகச்சிவப்பு, ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர் என்று வரிசையாகச் சொல்லி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதையே சொந்தப் பாட்டிக்குத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்க என்னால் முடியவில்லை. குரல் பதிவு அனுப்பியவர் பொய் சொன்னாலும் பொறுமையாக, தமிழில் சொன்னார். நான் சொல்லவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து சொன்னேன். முதலில் தடுமாற்றம்தான், கலைச்சொற்கள் எல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் மட்டுமே வந்தன. தண்ணீரின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல், குட்டிக் காந்தம் மாதிரி என்று ஆரம்பித்தேன். அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரான் என்ற குழாய், ஒரு நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலையை அனுப்புகிறது. அந்த அலைக்கு ஏற்ப நீர்த்துகள்கள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்ப முயன்று ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்த இடிபாடுதான் சூடு. கதவைத் திறந்தால் அலை நின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருப்பதில்லை, அதுபோல் சோற்றிலும் எதுவும் தங்காது.

“புற்றுநோய்?” என்றார் பாட்டி, விடாமல்.

அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்கு வலு இருக்கும் கதிர்கள் மரபணுவை நேரடியாக உடைக்கும். எக்ஸ் கதிருக்கு அந்த வலு உண்டு. நுண்ணலைக்கு இல்லை. சமையலறைக் குழல்விளக்கின் ஒளித்துகள் ஒன்றுக்கு, நுண்ணலைத் துகள் ஒன்றைவிட ஏறக்குறைய 2 லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். நுண்ணலையால் முடிந்தது சூடாக்குவது. அந்தச் சூடு நம் உடம்பில் பட்டால் ஆபத்து என்பதால்தான் உலோகப் பெட்டியும் கதவில் வலையும். அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், வலையின் ஓட்டையோ ஓரிரு மில்லிமீட்டர். யானை கொசுவலைக்குள் நுழைய முடியுமா என்றேன். பாட்டி சிரித்தார்.

கசிவு முழுக்கப் பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது அனைத்துலகத் தர நிர்ணயத்தின் உச்சவரம்பு. தள்ளிப் போகப் போக அது வேகமாகக் குறையும். ஆகவே கதவு கோணி நின்றாலோ, கீல் தளர்ந்தாலோ, வலையோ கண்ணாடியோ உடைந்தாலோ, அந்த அடுப்பை அன்றே நிறுத்திவிட வேண்டும். கதவின் விளிம்பில் காய்ந்த குழம்பைத் துடைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

அதோடு ஒரு கதையும் சொன்னேன். 1945ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் குழாய்கள் அருகே வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், சட்டைப்பையில் வைத்திருந்த மிட்டாய் உருகியிருப்பதைக் கவனித்தார். உடனே சோளத்தை வைத்துப் பொரித்துப் பார்த்தார். 1947ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், ஏறக்குறைய 340 கிலோ எடை. மேடையில் வைக்கும் வீட்டு அடுப்பு பரவத் தொடங்கியது 1967க்குப் பிறகு. ஸ்பென்சர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பாட்டிக்கு இந்தக் கடைசித் தகவல்தான் மிகவும் பிடித்திருந்தது.

பிறகு ஒரு சோதனை செய்தோம். வீட்டில் செய்து பாருங்கள், இயற்பியல் பாடம் சட்டென்று உயிர்பெறும். சுழல் தட்டை எடுத்துவிட்டு, நடுவில் சுழலும் அச்சை ஒரு கிண்ணத்தால் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஒரு பீங்கான் தட்டில் பெரிய சாக்லேட் பட்டையைச் சுற்றாதபடி வைக்கவேண்டும். 15, 20 நொடி போதும். பட்டை முழுதும் உருகாது, சில இடங்கள் மட்டும் பளபளவென்று இளகும். அடுத்தடுத்த இரண்டு இளகிய புள்ளிகளுக்கு நடுவே பாட்டி தன் தையல் டேப்பை வைத்து அளந்தார். ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அது அரை அலை. இரட்டித்தால் 12. அடுப்பின் பின்புற வில்லையில் 2,450 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும், அதோடு பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 29 கோடியே 40 லட்சம் மீட்டர். ஒளியின் வேகம் 30 கோடி. புள்ளிகள் எப்போதும் இவ்வளவு ஒழுங்காக விழாது, எங்களுக்கே இரண்டாவது பட்டையில்தான் சரியாக வந்தது. முதல் பட்டையை யார் சாப்பிட்டார் என்பது இங்கே தேவையில்லை.

சரி, அந்தக் கறுப்புக் கண்ணாடி அடுப்பு? சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வாங்கியது திருகு குமிழ் இரண்டு உள்ள, 20 லிட்டர், 700 வாட் அடுப்பு. விலை முந்தியதில் பாதிகூட இல்லை.

“தரமான” அடுப்பு என்றால் எது என்று என்னிடம் கேட்டால் விளம்பரத்தில் இருப்பதைச் சொல்லமாட்டேன். முதலில் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் தட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது அதன் குறுக்களவை எழுதிக்கொண்டு போங்கள். சுழல் தட்டில் அது இடிக்காமல் சுற்றவேண்டும். லிட்டர் கணக்கைவிட இதுதான் முக்கியம். அடுத்து வாட். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: அடுப்பு மின்சாரத்திலிருந்து இழுப்பது ஒன்று, உணவுக்குக் கொடுப்பது ஒன்று. 1,100, 1,200 வாட் இழுக்கும் அடுப்பு உணவுக்குத் தருவது 700 வாட்டாக இருக்கலாம். பார்க்கவேண்டியது இரண்டாவது எண். அது உண்மையா என்று சோதிக்க ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு நிமிடம் முழுச் சூட்டில் வையுங்கள். 700 வாட் என்றால் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி ஏறவேண்டும். தன்வெப்ப ஏற்புத்திறன் சூத்திரம் தேர்வுத்தாளுக்கு வெளியே பயன்பட்டது எனக்கு அன்றுதான் முதல்முறை.

இன்வெர்ட்டர் வேண்டுமா? சாதாரண அடுப்பில் “பாதிச் சூடு” என்று வைத்தால் அது பாதி நேரம் முழு வேகத்திலும் பாதி நேரம் சும்மாவும் இருக்கும். காது கொடுத்தால் உறுமல் நின்று நின்று வருவது கேட்கும். இன்வெர்ட்டர் அடுப்பு உண்மையிலேயே வேகத்தைக் குறைக்கும். உறைந்த இறைச்சியை அடிக்கடி இளக்குபவர்களுக்கு அது நல்லது, விளிம்பு வெந்து நடு கல்லாக நிற்காது. சோறும் குழம்பும் சூடாக்கும் வீட்டுக்கு அவசியமில்லை. கிரில், வெப்பக்காற்று வசதிகளையும் அப்படியே யோசியுங்கள். நுண்ணலை தனியாக எதையும் மொறுமொறுப்பாக்காது. பரோட்டாவும் வடையும் அதில் ரப்பராகத்தான் வரும். இட்லி, புட்டு, சோறு போன்ற ஈரமான உணவுகள் அதற்கு நன்றாக வரும். அப்பளம் மட்டும் ஆச்சரியமான விதிவிலக்கு, எண்ணெயே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் விற்கப்படும் மைக்ரோவேவ் அடுப்புகளுக்குப் பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் பத்து வெள்ளி மிச்சம் என்று வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. நம் 230 வோல்ட், மூன்று முனைச் செருகிக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். ஒரே நீட்டிப்புச் செருகுப் பலகையில் அடுப்பையும் மின்கெண்டியையும் சேர்த்து ஓட்டாதீர்கள், 13 ஆம்பியருக்கு மேல் போய்விடும். வைக்கும் இடம் வீட்டில் குள்ளமானவரின் நெஞ்சு உயரத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் ஏர் ஃபிரையர்தான் இப்போது குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏறியிருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நான் மட்டும்.

இனி உண்மையான ஆபத்துகள். கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படும் வீடுகளில் இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலாவது சோறு. சமைத்த சோற்றிலும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். சோற்றை மணிக்கணக்கில் மேடையில் விட்டால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. எவ்வளவு நேரம் மைக்ரோவேவில் வைத்தாலும் பயனில்லை. எனவே காலையில் வடித்து மதியம்வரை மூடி வைத்த சோற்றை “சூடு பண்ணிட்டா சரியாயிடும்” என்பது தவறு. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பதனப் பெட்டிக்குள் போகவேண்டும்.

இரண்டாவது, சீரற்ற சூடு. சாக்லேட்டில் பார்த்த அதே புள்ளிகள் சோற்றிலும் உண்டு. ஓரம் நாக்கைச் சுடும், நடு சில்லென்று இருக்கும். உணவின் நடுப்பகுதி குறைந்தது 75 டிகிரியை எட்டவேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. நாங்கள் இப்போது சோற்றைத் தட்டில் உளுந்து வடைபோல் நடுவில் ஓட்டை விட்டுப் பரப்புகிறோம். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, பாதியில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் ஒரு நிமிடம் அப்படியே விடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் சூடு பரவிக்கொள்ளும். குழந்தைக்கான பால் புட்டியை இதில் வைக்கவே கூடாது. வெளியே வெதுவெதுப்பாக இருந்தாலும் உள்ளே ஓரிடம் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

பாத்திரம் நம் வீடுகளுக்கே உரிய தொல்லை. தட்டு, கிண்ணம், டிபன் கேரியர் எல்லாம் எவர்சில்வர். உலோகம் நுண்ணலையைத் திருப்பியடித்துவிடும். சோறு சூடாகாது, பொறியும் பறக்கலாம். கல்யாண அன்பளிப்பாக வந்த தங்க விளிம்புப் பீங்கானுக்கும் இதே கதிதான். மெலமைன் தட்டும் வேண்டாம். கடையில் கட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது சூடு தாங்கும் பாலிபுரொப்பிலீன். ஆனாலும் எண்ணெய் மிதக்கும் குழம்பு 100 டிகிரிக்கு மேல் போய் அதையும் அரித்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுவதே என் வழக்கம். ஒரு கிண்ணம் கூடுதலாகக் கழுவவேண்டும், அவ்வளவுதான்.

முட்டையை, அவித்து உரித்ததாக இருந்தாலும், முழுதாக வைக்காதீர்கள். வாயில் வெடித்தவர்கள் உண்டு. வழவழப்பான குவளையில் வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால் கொதிக்காமலேயே 100 டிகிரியைத் தாண்டும், காப்பித்தூளைப் போட்டவுடன் குபீரென்று முகத்துக்குப் பொங்கும். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை உள்ளே போட்டுவைத்தால் குமிழிகள் உருவாக இடம் கிடைக்கும்.

என்னைப் போல் மின்னியல் படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய மைக்ரோவேவின் மின்மாற்றியைக் கழற்றி, மரப்பலகையில் மின்னல் வடிவம் எரிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். அந்த மின்மாற்றி 2,000 வோல்ட் அளவில் கொடுப்பது, உயிரைப் பறிக்கக்கூடிய அளவு மின்னோட்டத்தோடு. அதைச் செய்யப்போய் அமெரிக்காவில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கி மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் பழைய அடுப்பைத் திறந்து பார்க்க எனக்கும் கை துறுதுறுத்தது. திறக்கவில்லை.

புதிய அடுப்பு வந்த முதல் வாரம் பாட்டிக்கு ஒரே ஒரு புகார். குமிழைச் சுற்றியிருந்த எண்கள் சின்னதாக இருந்தன. பெரிய எண்களை அச்சடித்து ஒட்டுகிறேன் என்றேன், வார இறுதியில் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை வந்து பார்த்தால் குமிழின் ஓரத்தில் 2 நிமிடத்துக்கு நேராகச் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதுதான் சோற்றுக்காம். ஒரு நிமிடத்துக்கு நேராகக் கறுப்புப் பொட்டு ஒன்று, அது பாலுக்கு. ஆனால் குமிழை நேரே ஒரு நிமிடத்துக்குத் திருப்பினால் சரியாக ஓடுவதில்லை, 2 நிமிடத்தைத் தாண்டித் திருப்பிப் பிறகு பின்னால் கொண்டுவரவேண்டும் என்பதைப் பாட்டிதான் எனக்குச் சொன்னார். வழிகாட்டிக் கையேட்டில் அது மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை.